லேசருக்குக் காத்திருந்த கண்

கண்ணில் ஆபரேசன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் முதலில் "எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. "லேசரா, கத்தியா?" என்றுதான் கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் கேட்கிறார்கள். போன வாரம் ஒரு சாவு வீட்டில், இன்னும் தூக்கக்கூட இல்லை, ஒருத்தி என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்து கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கிட்டுப் போத்தா, எடம் பொருள் தெரியாம" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பாவமாக இருந்தது. அவளுக்கும் புரை விழுந்திருக்கிறதாம். பயத்தில்தான் கேட்டிருக்கிறாள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள் நான், எழுத வரும். ஒரு கண்ணால் எழுதுவதால் வரி மேலேயும் கீழேயுமாகப் போகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

என் பெயர் பேச்சியம்மாள். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, திரி வைத்து, மேலே தாள் ஒட்டுகிற வேலை. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அதுதான் வேலை. வீட்டுக்காரர் சிவகாசியில் பேப்பர் குடோனில் லோடு இறக்குகிறார். ஒரே மகன் காளிராஜ். சிவகாசியில் அச்சுக் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறான்.

ஆரம்பத்தில் இதைப் புரை என்றே நான் நினைக்கவில்லை. எங்கள் கம்பெனியில் யாருக்குக் கண் மங்கினாலும் "தூசி அடிச்சிருச்சு" என்போம். அலுமினியப் பொடி காற்றில் பறந்துகொண்டே இருக்கும். தலைமுடியில் இருக்கும், சோற்றுச் சட்டி மூடியில் இருக்கும், வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் துண்டில் இருக்கும். அதனால் கண் மங்கினால் கழுவுவோம், மறுநாள் வேலைக்குப் போவோம். நான் இரண்டு வருசம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பஞ்சவர்ணம், நான் முடித்து வைத்த பூச்சட்டி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யக்கா, திரிய எங்கன வச்சிருக்க? மீச மொளச்ச மாதிரில்ல இருக்கு." அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண்ணுக்கு அந்தத் திரி நடுவில்தான் இருந்தது. அதுதான் எனக்குத் திக்கென்று ஆனது.

வைகாசியில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் சொன்னார், "ரெண்டு கண்ணுலயும் புரைம்மா. வலது கண்ணு ரொம்ப முத்திருச்சு. தள்ளிப் போடாதீங்க. இந்த வாரமே பஸ் வரும், ஏறி வந்துருங்க. செலவு ஒண்ணும் இல்ல."

புரை என்றால் கண்ணுக்கு மேலே வளர்கிற தோல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கண்ணுக்குள்ளே இயற்கையாகவே ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து, வயதாக ஆகப் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகிறது. மருந்து ஊற்றினால் கரையாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு லென்ஸ் வைப்பது ஒன்றுதான் வழி.

வீட்டுக்காரருக்குச் சம்மதம். "ஏறிப் போயிட்டு வந்துரு பேச்சி, நான் கூட வாரேன்" என்றார். அன்று சாயங்காலம் காளிராஜ் வேலையிலிருந்து வந்தபோது கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்திருந்தான். பெரிய வழவழப்பான தாள். நீல நிறத்தில் ஒரு கண், அதற்குள் வெள்ளைக் கோடாக ஒளி. எங்கோ ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு விளம்பரம். அவன் மிஷினில் ஓடிய ஆர்டர். கலர் சரியாக விழாத தாள்களை ஒதுக்குவார்களே, அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்திருந்தான்.

"அம்மா, கத்தியே படாதாம். லேசர். கம்ப்யூட்டரே பாத்துப் பண்ணிருமாம்."

"அதுக்கு எம்புட்டு ஆகும்லே?"

"அத நீ ஏன் கேக்குற? தீபாவளிக்கு உனக்கும் போனஸ் வருது, எனக்கும் வருது. ரெண்டையும் சேத்துப் பண்ணிக்கிடுவோம்."

வீட்டுக்காரர், "முகாம்லதான் சும்மாவே பண்ணுறாகள்ல" என்றார்.

"சும்மா பண்றது எப்படி இருக்குமோப்பா. அம்மா கண்ணுப்பா" என்றான் காளிராஜ்.

பெற்ற பிள்ளை அப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் மறுக்கத் தோன்றும்? எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஊருக்கெல்லாம் விளம்பரம் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் இது. அடுத்தவன் சரக்கை எப்படி மினுக்கிக் காட்டுவது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவன் கையாலேயே அச்சான தாளை அவனே நம்பினான். நானும் நம்பினேன். புரை நன்றாக முத்தட்டும், அப்போதுதான் சுத்தமாக உரித்தெடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் வேறு சொன்னார்கள். அது பழைய காலத்துப் பேச்சு, இன்றைக்கு அப்படி எதுவும் கிடையாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

முகாம் பஸ் வந்தது, தெருமுனையில் ஹாரன் அடித்தது. பஞ்சவர்ணத்தின் மாமியார் ஏறிப் போனார். சீக்கிரமே கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்து, ஒரு மாதம் கழித்து வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் தீபாவளிக்குக் காத்திருந்தேன்.

புரட்டாசி வந்தது. அந்த மாதம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் யாரையும் பார்க்க நேரம் இருக்காது. சீசன். ஆர்டர் முடிக்க வேண்டும், லோடு ஏற வேண்டும். வெயிலும் அப்போதுதான் இரண்டாம் தடவை வந்து காயும். பட்டாசுக்குள் போகிற கலவைக்கு இங்கே மருந்து என்று பெயர். அந்த மருந்து வாடையும் வெக்கையும் சேர்ந்தால் தலைவலி வரும், குமட்டும். சாயங்காலம் திரும்புகிற கம்பெனி வேனில் யாராவது ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுக்காத நாள் இருக்காது. "மருந்து வாடை ஏறிருச்சு" என்போம். வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மோர் குடித்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடும்.

அதனால் எனக்கு வந்ததும் அதுதான் என்று நினைத்தேன். மதியச் சோறு முடிந்து உட்காரும்போது வலது பக்கத் தலை விண்விண் என்று தெறித்தது. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அமுக்குகிற மாதிரி வலி. வாந்தி வந்தது. பஞ்சவர்ணம் என்னைப் பிடித்துக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தாள்.

"கண்ணு ரத்தமாச் செவந்து கெடக்கு யக்கா. பொடி விழுந்திருச்சு போல. நல்லாக் கழுவு."

கழுவினேன். வீட்டுக்குப் போய் மோர் குடித்துப் படுத்தேன். விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் மாதிரி வளையம் தெரிந்தது. காளிராஜ் ஓவர்டைம் முடித்து வந்து நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டான். மறுநாளும் வலி போகவில்லை. தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டேன். சீசன் நேரத்தில் இரண்டாம் நாளும் தலைவலி இருப்பது எங்களுக்கு ஒன்றும் புதிதல்ல. வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால், கண் சிவந்து வலிக்கிறது என்றதும் கண் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இங்கே அத்தனை பேருக்கும் தலை வலிக்கிறது, அத்தனை பேருக்கும் கண் எரிகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் இடது கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணில் வாசல் வெளிச்சம் மட்டும் ஒரு பட்டையாகத் தெரிந்தது. வாசலில் நின்ற என் மகன் தெரியவில்லை.

விருதுநகரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். காத்திருக்கும் இடம் முழுக்க என் வயதுக்காரர்கள். எல்லோருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். தூங்குகிற கூட்டம் மாதிரி இருந்தது. என்னை மட்டும் வரிசையில் உட்கார விடவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் பார்க்கிற கருவியை வைத்த பெண், இரண்டாம் தடவை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து வேகமாக உள்ளே போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசினார். "வலி எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறி, ஓரத்தில் உள்ள வழியாக வெளியே வடிந்துகொண்டே இருக்கும். என்னுடைய புரை முற்றி, தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி லென்ஸ் உப்பிப்போய்விட்டது. உப்பின லென்ஸ் முன்னால் தள்ளி அந்த வடிகாலை அடைத்துவிட்டது. நீர் வெளியேற வழியில்லாமல் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற பார்வை நரம்பை நசுக்குகிறது. வலி, வாந்தி, சிவப்பு, வளையம் எல்லாம் அதனால்தான். லென்ஸ் போனால் வேறு வைக்கலாம். நரம்பு போனால் வேறு நரம்பு வைக்க முடியாது.

"மொதல்ல அழுத்தத்தக் கொறைக்கணும். அப்புறம் ஆபரேசன்."

காளிராஜ் என் பின்னால் நின்றிருந்தான். "லேசர்ல பண்ணிருங்க டாக்டர். எம்புட்டு ஆனாலும் பரவாயில்ல" என்றான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "இந்தக் கண்ணுக்கு லேசர் ஆகாதுப்பா" என்றார். ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து அவனுக்குக் காட்டினார். என் கண்ணுக்குப் படம் தெரியவில்லை, பேச்சு கேட்டது.

நீங்கள் எல்லோரும் கேட்கிறீர்களே, அதற்கான பதிலை அங்கேதான் நான் முதலில் கேட்டேன். வழக்கமான முறையில் டாக்டர் கையாலேயே சின்னதாகக் கீறி, லென்சைச் சுற்றியிருக்கிற மெல்லிய பையின் முன்பக்கத்தை வட்டமாகக் கிழித்து, உள்ளே ஒரு ஊசிக்குழாயை விட்டு, ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சுகிறார். ரொம்ப முற்றியிருந்தால் கொஞ்சம் பெரிதாகக் கீறி முழுசாக வெளியே எடுக்கிறார். லேசர் முறையில் அந்தக் கீறலையும் வட்டத்தையும் கம்ப்யூட்டர் பார்த்து லேசர் போடுகிறது, புரையையும் கொஞ்சம் துண்டாக்கி வைக்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு டாக்டர்தான் உள்ளே போய் உடைந்ததை உறிஞ்சி எடுத்து, புது லென்சை வைக்க வேண்டும். கத்தியே இல்லாத ஆபரேசன் என்று நாம் நினைக்கிறோமே, அது சரியில்லை. சிலருக்கு அந்த லேசரால் நன்மை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலும் பார்வை ஒன்றுபோலத்தான் வரும், செலவுதான் கூடுதல். என் கண் மாதிரி வெள்ளையாக முற்றிப் போனால் லேசர் ஒளி உள்ளே இறங்காது.

"அப்ப வைகாசியிலயே வந்திருந்தா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்திருந்தா ரெண்டுல எது பண்ணியிருந்தாலும் சரியா இருந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா.

கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அது உடம்பு நீரையெல்லாம் இழுக்குமாம். கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து காலே ஓய்ந்துபோனது. ஒரு மாத்திரை கொடுத்தார்கள், விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பயந்து நர்சைக் கூப்பிட்டால், "அது அப்படித்தாம்மா இருக்கும், வாழைப்பழம் சாப்பிடுங்க" என்றார். காளிராஜ் ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்கிற மாதிரி, ஒவ்வொன்றாக உரித்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வயிறு நிறைந்த பிறகும் அவனுக்காகத் தின்றேன்.

மறுநாள் ஆபரேசன். கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி, அது மட்டும்தான் வலி. முகத்தின் மேல் ஓட்டை போட்ட துணி. டாக்டர் பேசுவது, தண்ணீர் ஓடுவது, யாரோ ஒரு பாத்திரத்தில் எதையோ வைப்பது எல்லாம் கேட்டது. நான் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டே கிடந்தேன்.

கட்டுப் பிரித்த காலையில் வீட்டுக்காரரும் மகனும் மருந்து வாங்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள். டாக்டரம்மா கையை ஆட்டிக் காட்டினார். பனிக்குள்ளே ஏதோ அசைகிறது என்று தெரிந்தது. கை என்று தெரியவில்லை.

"ஆபரேசன் நல்லா முடிஞ்சிருச்சும்மா. வலி இனி வராது. ஆனா நரம்பு ரொம்ப அடிபட்டுருச்சு. இப்ப தெரியறதுக்கு மேல இந்தக் கண்ணுல எதிர்பாக்க வேண்டாம்."

நான் அழவில்லை. எனக்கு அப்போது வந்த ஒரே நினைப்பு காளிராஜ். முந்தின நாள் வார்டில் வீட்டுக்காரர் அவனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பஸ்ல ஏத்தி விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லடா." சத்தம்கூடப் போடவில்லை. அவன் எழுந்து வெளியே போனான். சோறு வாங்கி வைத்தது அப்படியே இருந்தது. தாழ்வாரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து தலையை முழங்காலில் வைத்திருந்தான் என்று நர்ஸ் வந்து சொன்னார்.

"எம் மகன்கிட்ட நானே சொல்லிக்கிடுறேன் டாக்டர்" என்றேன். அவர் சரி என்கிற மாதிரி என் கையைத் தட்டினார்.

மருந்தோடு வந்தவன் வாசலிலேயே நின்று கேட்டான். "தெரியுதாம்மா?"

"மங்கலா இருக்குய்யா. கொஞ்சம் கொஞ்சமா வந்துருமாம்."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சுக்காக நான் எந்தப் பொய்யும் சொல்லுவேன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன், வீட்டுக்காரரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. தீபாவளி வந்து போனது. போனசைக் காளிராஜ் தொடவே இல்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் பையை மாட்டிவிட்டு, "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பான். "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பேன். சில நாள், "ஒன் சட்டைக் கலர் தெரியுதுடா" என்பேன். அது இடது கண்ணில் தெரிந்தது. வலது பக்கமாக யார் வந்தாலும் எனக்குத் தெரியாது. கதவில் இடித்துக்கொள்வேன், ஊற்றுகிற தண்ணீர் சொம்புக்கு வெளியே போகும். "கவனமில்லாத பொம்பளை" என்று என்னை நானே திட்டிக்கொள்வேன், அவன் காதில் விழுகிற மாதிரி. வேலைக்கும் போகவில்லை. மருந்துக்குப் பக்கத்தில் தடுமாறுகிறவளை யார் உட்கார வைப்பார்கள்? பஞ்சவர்ணம் அவ்வப்போது வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். அவள் போன பிறகு அழுவேன். அந்தக் கண் போனதற்காக மட்டும் அழவில்லை, என் பிள்ளை ஆசை ஆசையாகச் செய்யப்போன ஒன்று இப்படி ஆனதே என்றுதான் அழுதேன்.

இடது கண்ணையும் விட்டுவைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தை முடிந்ததும் போனோம்.

இந்தத் தடவை காளிராஜ் லேசர் என்று வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மாவே சொன்னார், "இந்தக் கண்ணு அந்த அளவுக்கு முத்தல. ரெண்டு முறையும் பண்ணலாம். கையால பண்றதா இருந்தா நாளைக்கே. லேசர்னா மதுரையில எங்க இன்னொரு ஆஸ்பத்திரியிலதான் மிஷின் இருக்கு, தேதி வாங்கணும்."

காளிராஜ் என்னைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

"நாளைக்கே பண்ணுங்க" என்றேன். லேசர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காத்திருப்பதுதான் எனக்கு ஆகாமல் போனது.

அன்று எனக்கிருந்த பயம் இரண்டு. இருக்கிற ஒரு கண்ணும் போய்விட்டால் என்ன செய்வது என்பது ஒன்று. அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இன்னொன்றை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இடது கண்ணில் கட்டுப் போட்டால் மறுநாள் காலை வரைக்கும் எனக்கு ஒன்றுமே தெரியாது. வலது கண்ணில் தேவலை, தேவலை என்று இத்தனை மாதம் சொன்னது வெளியே வந்துவிடும். நர்சிடம் கெஞ்சிப் பார்த்தேன், கட்டு இல்லாமல் முடியாதா என்று. "சொட்டு மருந்து மட்டும் விட்டுப் பண்றவங்களுக்குச் சில சமயம் கட்டு வேண்டாம். உங்களுக்கு ஊசி போட்டுப் பண்றோம், காலையில வரைக்கும் கட்டு இருக்கணும்" என்றார். காளிராஜை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். "அப்பா இருக்காகள்ல, நீ வேலைக்குப் போய்யா" என்றேன். அவன் அசையவில்லை. அப்பாவைத்தான் வேலைக்கு அனுப்பினான்.

மறுநாள் ஆபரேசன் முடிந்து கட்டோடு வந்து படுத்தபோது, பக்கத்துக் கட்டிலில் நாச்சியாரம்மா என்று ஒருவர். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பம். அவருக்கு மதுரையில் லேசர் முடித்து, பார்த்துக்கொள்ள இங்கே கொண்டு வந்து படுக்க வைத்திருந்தார்கள். வாயாடி, நல்ல மனசு.

"உங்களுக்குக் கையாலயா பண்ணுனாக?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எனக்கு லேசரு. ஒரு ரூம்புல படுக்க வச்சு ஒரு மிஷின கண்ணு மேல கொண்டாந்து அமுக்கினாக. கொஞ்ச நேரந்தான். சரி முடிஞ்சிருச்சுன்னு எந்திரிக்கப் போனா, 'இனிமேதாம்மா ஆபரேசன்'னு இன்னொரு ரூம்புக்குத் தள்ளிட்டுப் போயிட்டாக. எங்க வீட்டுப் பிள்ளைக இத மொதல்லயே சொல்லலீக."

அந்த இருட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் காளிராஜ் இட்லி வாங்கி வந்தான். தட்டை என் மடியில் வைத்தான். நான் ஒரு பக்கமாகக் கையைக் கொண்டுபோனேன். விரல் வெறும் தட்டில் பட்டது. நகர்த்தினேன், சட்னிக்குள் போனது. எதுவும் நடக்காத மாதிரி சட்னியை நக்கிக்கொண்டு, "நல்ல சட்னி" என்றேன். தட்டு மெதுவாகத் திரும்பியது. இட்லி என் விரலுக்குக் கீழே வந்தது.

தண்ணீர் டம்ளரை நீட்டியிருப்பான் போலிருக்கிறது. நான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்து டம்ளரைச் சுற்றி வைத்தான். கழிப்பறைக்குப் போக எழுந்தபோது முன்னால் வந்து நின்று என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். "இங்கன ஒரு படி இருக்கும்மா. எறங்கு. இப்ப நேர வா." சாதாரணமாகச் சொன்னான். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காதது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. தெரிந்துகொண்டானா, தெரிந்தும் கோபத்தில் இருக்கிறானா என்று முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. அவன் தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தியது. பிள்ளை இவ்வளவு மெலிந்ததே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

காலையில் கட்டுப் பிரித்தார்கள். முதலில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. பிறகு சுவர் வந்தது, சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் வந்தது. நர்ஸ் புடவையின் ஓரத்துக் கரை நீலம் என்று தெரிந்தது. இரண்டு வருசத்துக்கு மேலாக நான் பழுப்பையே நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுத்து அட்டையைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் நாச்சியாரம்மா எந்த வரி வரைக்கும் படித்தாரோ, அதே வரி வரைக்கும் நானும் படித்தேன்.

"பாருங்க, அதே வரி. எம் மகன்கிட்டச் சொல்லாதீக, லேசருக்குப் பணங் கட்டுனவன் அழுதுருவான்" என்றார் நாச்சியாரம்மா. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் நல்ல நேரத்துல வந்தீங்க, அதான்" என்றார்.

எல்லோரும் போன பிறகு காளிராஜ் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு வருசத்துக்கு மேலான பிறகு என் மகன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. முப்பதுகூட ஆகவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, வேறு யாரோ மாதிரி இருந்தான்.

"காளி, அம்மா ஒண்ணு சொல்லணும்யா. வலது கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியல. இனிமேலும் தெரியாது."

"தெரியும்மா."

"நேத்து இட்லி திங்கும்போது கண்டுபிடிச்சிட்டயா?"

தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று ஆட்டினான். "மொத ஆபரேசன் முடிஞ்ச அன்னைக்கே. மருந்து வாங்கிட்டு வரும்போது டாக்டர வழியில நிப்பாட்டிக் கேட்டேன். மொதல்ல உன்னையே கேக்கச் சொன்னாக, நான் விடல, பார்வை வராதுன்னுட்டாக. அப்புறந்தான் உள்ள வந்தேன்."

அப்படியானால் வாசலில் நின்று அவன் விட்ட அந்த மூச்சு நிம்மதி மூச்சு இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எல்லாந் தெரிஞ்சும் ஏன்டா தெனமும் வந்து வந்து கேட்ட?"

போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ தேவலைன்னு சொல்லுவேல்ல. பொய்யின்னு தெரியும். இருந்தாலும் அதக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்மா."